குழியில் இறங்கும்போது மட்டும் நழுவும் பிரேக்: 2010 பிரியஸ் விவகாரம்

முன்னால் சிக்னல் சிவப்பாகிவிட்டது. அவசரம் ஒன்றும் இல்லை. லேசாக மிதித்த பிரேக்கில் கார் நிதானமாக வேகம் குறைந்து வருகிறது. நிற்க இன்னும் சில மீட்டர் இருக்கும்போது முன் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறுகிறது. அந்த இடத்தில் பிரேக் விட்டுப்போன மாதிரி இருக்கிறது. கால் வைத்த இடத்தில்தான் இருக்கிறது, பெடல் கீழே போகவில்லை, டேஷ்போர்டில் கோளாறு விளக்கு எதுவும் இல்லை. ஆனாலும் யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல கார் முன்னால் நழுவுகிறது. பதறிப்போய் இன்னும் அழுத்தினால் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை பிரியஸ் வாங்கியவர்கள் 2009-இன் பிற்பகுதியிலிருந்து ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சொன்ன புகார்களைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் காட்சி இதுதான். ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாதவர்கள் ஒரே மூன்று விஷயங்களைச் சொன்னார்கள்: பிரேக்கை லேசாக மிதித்திருந்தேன், சாலை மேடுபள்ளமாகவோ வழுக்கலாகவோ இருந்தது, ஒரு கணம் பிரேக் இல்லை. மூன்றும் சேர்ந்து வந்ததுதான் முக்கியம். சும்மா 'பிரேக் சரியில்லை' என்ற புகாரை வைத்துக்கொண்டு எந்த இன்ஜினியராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த மூன்றும் இருந்தால் எந்த அறையில் தேட வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

அந்தக் கார் 2009 மே மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டு அங்கே அதிகம் விற்ற கார் அதுவே. இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. ஜூலையில் சிபா மாகாணத்தில் ஒரு பிரியஸ் எதிரே வந்த காருடன் மோதி, இருவருக்கு லேசான காயம் ஏற்பட்டது. பிரேக் பற்றி ஜப்பான் போக்குவரத்து அமைச்சகத்துக்குத் தொடக்கத்தில் வந்த புகார்களில் அதுவும் ஒன்று. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு 2010 பிப்ரவரி தொடக்கத்துக்குள் 124 புகார்கள் சேர்ந்துவிட்டன. அவற்றில் நான்கு பேர் விபத்தே நடந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அமைப்பு முறைப்படி விசாரணையைத் தொடங்கியது அப்போதுதான்.

பிரேக்கின் உள்ளே

சாதாரண காரில் கால் பெடலை அழுத்த, அந்த அழுத்தம் பிரேக் ஆயில் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டில் கதை வேறு. பிரியஸ் அந்த வகை. பிரியஸில் பெடலை மிதிக்கும்போது வழக்கமான நேரங்களில் கால் நேரடியாக எதையும் பிடிப்பதில்லை. காலுக்கு ஒரு எதிர்ப்பு தெரிய வேண்டுமே என்று உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு பாகம் இருக்கிறது. கால் உணர்வது அதைத்தான். பெடல் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு அழுத்தமாக இறங்கியது என்று சென்சார்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. இவருக்கு இவ்வளவு பிரேக் வேண்டும் என்று அது கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கை இரண்டு கைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று மோட்டார். காரை ஓட்டும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் வேகத்தைத் தின்று பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. எரிபொருள் மிச்சமாவதில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. மீதியை வழக்கமான பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் செய்கின்றன. அவற்றுக்கு வேண்டிய ஆயில் அழுத்தத்தை ஒரு மின்பம்பும் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் ஒரு சிறு கலமும் கொடுக்கின்றன. லேசாக மிதிக்கும்போது வேலையில் பெரும்பகுதி மோட்டாருடையது. பேட் பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது குழி வருகிறது. சக்கரம் ஒரு கணம் தரையைச் சரியாகப் பிடிக்கவில்லை. அதன் சுழற்சி சடாரென்று குறைகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று, அதைத் தடுப்பதற்காகவே இருக்கும் ஏபிஎஸ் அமைப்பு முடிவு செய்கிறது. ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். மோட்டாரால் அப்படிச் செய்ய முடியாது. ஆகவே மோட்டாரின் பிரேக்கை நிறுத்திவிட்டு முழு வேலையையும் ஆயில் பிரேக்கிடம் ஒப்படைக்கிறார்கள். இதுவரை தவறு எதுவும் இல்லை. எல்லா ஹைபிரிட்டிலும் ஏதோ ஒரு வடிவில் இது நடக்கத்தான் வேண்டும்.

ஒப்படைக்கும் அந்தக் கணத்தில்தான் கோளாறு. ஏபிஎஸ் வேலையில் இறங்கிய பின் சக்கரத்துக்குப் போன ஆயில் அழுத்தம், கால் அந்த நேரத்தில் எவ்வளவு அழுத்திக்கொண்டிருந்ததோ அந்த அளவுக்கே இருந்தது. கால் லேசாகத்தான் மிதித்திருந்தது. ஏனென்றால் மோட்டார் உதவியால் அந்த லேசான மிதிப்பே போதுமானதாக இருந்தது! மோட்டார் விலகியதும் அதே மிதிப்பு போதாமல் போயிற்று. கால் அசையவில்லை, பிரேக் மட்டும் குறைந்துவிட்டது. ரீகால் (விற்ற கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) அறிவித்தபோது நிறுவனம் ஜப்பான் அரசிடம் சொன்னதன் சாரமும் இதுதான்: ஏபிஎஸ் நிரல் (சாஃப்ட்வேர்) சரியாக இல்லாததால், அது வேலை செய்த பின் பிரேக் விசை முன்பு இருந்ததைவிடக் குறையலாம், லேசாக பிரேக் பிடிக்கும்போது ஓட்டுநர் எதிர்பார்த்ததைவிட நிற்கும் தூரம் கூடலாம்.

தூரம் எவ்வளவு என்று கேட்டால், சின்னக் கணக்குதான். 20 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு சுமார் 5.6 மீட்டர். அந்த பிரியஸின் நீளமே 4.46 மீட்டர். ஒரு நொடி பிரேக் இல்லாமல் போனால் கார் தன் நீளத்தைவிட அதிகத் தூரம் போய்விடும். அரை நொடி என்றாலும் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். விசை முழுதாகப் போகவில்லை, குறைந்தது மட்டும்தான் என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சிக்னலில் முன்னால் நிற்கும் காருக்கும் நமக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுகிறோம் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டரில் ஏன் அகப்படவில்லை

என்னைக் கேட்டால் இந்த விவகாரத்திலேயே கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். இந்த மாதிரிப் புகாருடன் காரைக் கொண்டுபோனால், சோதித்துப் பார்த்தோம், கோளாறு எதுவும் இல்லை என்றே பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருக்கும் கருவிகளை வைத்து இதைப் பிடிக்க முடியாது.

முதலில் ஸ்கேனர். ஏதாவது பாகம் கெட்டால், சென்சார் தவறான அளவு சொன்னால், அழுத்தம் குறைந்தால் கம்ப்யூட்டர் ஒரு கோளாறு எண்ணைப் பதிந்து வைக்கும். இங்கே எதுவும் கெடவில்லை. பம்பு நன்றாக ஓடுகிறது, சென்சார் சரியாகச் சொல்கிறது, ஏபிஎஸ் எழுதியபடியே நடந்துகொள்கிறது. எழுதிய விதமே தவறு என்றால் அதைக் கம்ப்யூட்டர் எப்படிப் புகார் செய்யும்? ஸ்கேனரைச் சொருகினால் வெறுமையாகத்தான் வரும்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. மெக்கானிக் எடுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் சர்வீஸ் சென்டரைச் சுற்றியுள்ள நல்ல சாலை. பிரேக்கைச் சோதிக்கிறோம் என்று நினைக்கும்போது கால் தானாகவே அழுத்தமாக மிதிக்கும். அழுத்தமாக மிதித்தால் இந்தக் கோளாறு வராது. லேசாக, ஒரே அளவில் மிதித்தபடி, சரியான இடத்தில் ஒரு குழியில் சக்கரத்தை இறக்க வேண்டும். அது நழுவும்போது காலை அசைக்காமல் வைத்திருக்கவும் வேண்டும். மனிதக் கால் அப்படிச் செய்யாது. நழுவும் உணர்வு வந்த உடனே இன்னும் அழுத்திவிடும், கோளாறு மறைந்துவிடும். உரிமையாளர்களுக்கும் இதுவே நடந்தது என்பதால்தான் 124 புகார்களில் மோதியதாகச் சொன்னவர்கள் நான்கு பேரோடு நின்றார்கள் என்று நினைக்கிறேன். மற்றவர்களை அவர்களுடைய கால் காப்பாற்றியது.

ஆக, இந்தக் குறைக்கு ஓட்டுநரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கருவி பதியாது, மெக்கானிக்குக் காட்டாது. புகார்களை எண்ணிப் பார்ப்பதும் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தைகளை ஒன்றாக அடுக்கிப் பார்ப்பதும்தான் ஒரே வழி.

'உணர்வு' என்ற சொல்

பிப்ரவரி முதல் வாரத்தில் டோக்கியோவில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த டொயோட்டாவின் தரப் பிரிவு அதிகாரி ஹிரோயுகி யோகோயாமா, ஓட்டுநரின் உணர்வுக்கும் காரின் செயலுக்கும் சின்ன இடைவெளி இருப்பதுதான் விஷயம் என்ற பொருளில் பேசினார். பெடலை நன்றாக அழுத்தினால் கார் நிற்கும் என்பதும் அவர் வாதம். அமெரிக்காவில் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும் 'பிரேக் உணர்வு சீராக இல்லாமல் போகலாம்' என்ற ரீதியில்தான் இருந்தது. ஜப்பானின் போக்குவரத்து அமைச்சர் செய்ஜி மாயேஹாராவுக்கு இது பிடிக்கவில்லை. வாடிக்கையாளரின் பார்வை இவர்களிடம் குறைகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அழுத்தினால் நிற்கும் என்பது உண்மை. ஆனால் பிரேக்கில் உணர்வு என்பது மேல்பூச்சா? இவ்வளவு மிதித்தால் இவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று ஓட்டுநரின் கால் பல மாதங்களாகக் கற்று வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை நம்பித்தான் அவர் முன்னால் உள்ள காருக்குப் பின்னே அத்தனை நெருக்கமாக வந்து நிற்கிறார். பாதி வழியில் கணக்கு மாறினால், ஆயில் அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்ற விவாதத்தால் அவருக்கு என்ன பயன்? அதிலும் இந்தக் காரில் காலுக்குத் தெரியும் உணர்வே நிறுவனம் ஸ்பிரிங் வைத்துச் செய்து கொடுத்தது. அவர்கள் செய்து கொடுத்த உணர்வு அவர்கள் எழுதிய நிரலோடு ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கு யார் பெயரில் எழுதப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. ஜனவரி மாதத்திலிருந்து தொழிற்சாலையில் தயாராகும் புதிய கார்களில் ஏபிஎஸ் நிரலை ஏற்கெனவே மாற்றிவிட்டோம் என்று அதே வாரத்தில் டொயோட்டா ஒப்புக்கொண்டது. அதாவது புதிதாக வாங்குபவருக்குத் திருத்திய பிரேக்; ஏற்கெனவே வாங்கியவருக்குப் பழையது, அதுவும் சொல்லாமல். உற்பத்தி நடந்துகொண்டிருக்கும்போதே சின்னச் சின்ன மாற்றங்கள் செய்வது கார் தொழிலில் தினசரி வழக்கம், அதில் குற்றம் இல்லை. கைப்பிடியின் பிளாஸ்டிக்கை மாற்றினால் பழைய வாடிக்கையாளருக்குக் கடிதம் போட வேண்டியதில்லை. பிரேக் நிரல் அந்த வகையில் சேருமா என்பதுதான் கேள்வி.

இதே மாதிரியான கேள்வி வேறொரு விவகாரத்திலும் அவர்களைத் துரத்தியது. ஆக்சிலரேட்டர் பெடல் ஒட்டிக்கொள்ளும் பிரச்சினைக்கான பழுதுநீக்கும் முறையை 2009 செப்டம்பர் இறுதியிலேயே 31 ஐரோப்பிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் அனுப்பியிருந்தார்கள். அமெரிக்காவில் ரீகால் வந்ததோ 2010 ஜனவரியில். பாதுகாப்புக் குறை என்று தெரிந்தால் ஐந்து வேலை நாட்களுக்குள் அரசிடம் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். தாமதத்துக்காக ஏப்ரலில் 1 கோடியே 63 லட்சத்து 75 ஆயிரம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆக்சிலரேட்டர் விவகாரம் வேறு, பிரேக் விவகாரம் வேறு. ஒரே குளிர்காலத்தில் சேர்ந்து வந்ததால் செய்திகளில் கலந்துவிட்டன. பிப்ரவரி 24-ஆம் தேதி நிறுவனத்தின் அப்போதைய தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்தபோது கேள்விகளில் பெரும்பகுதி ஆக்சிலரேட்டரைப் பற்றியே இருந்தது.

பிரேக்குக்கான ரீகால் அதற்கு முன்பே, பிப்ரவரி 9-ஆம் தேதி வந்துவிட்டது. டொயோடா அமைச்சர் மாயேஹாராவை அன்று நேரில் போய்ப் பார்த்தார். உலக அளவில் சுமார் 4 லட்சத்து 37 ஆயிரம் கார்கள். ஜப்பானில் மட்டும் 2 லட்சத்து 23 ஆயிரம், அமெரிக்காவில் பிரியஸ் 1 லட்சத்து 33 ஆயிரம், டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸின் எச்எஸ்250எச் ஹைபிரிட் 14,500. ஜப்பானில் சாய் (டொயோட்டாவின் இன்னொரு ஹைபிரிட்), எச்எஸ்250எச் இரண்டின் விற்பனையையும் திருத்தம் தயாராகும் வரை நிறுத்தி வைத்தார்கள். மராமத்து எளிது. கம்ப்யூட்டரில் புதிய நிரலை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

அதற்குச் சில நாட்கள் முன்பு ஃபோர்டு நிறுவனமும் ஃபியூஷன் ஹைபிரிட், மெர்குரி மிலான் ஹைபிரிட் கார்கள் சுமார் 17,600-க்கு நிரல் மாற்றம் அறிவித்தது. அதிலும் மோட்டாரிலிருந்து ஆயில் பிரேக்குக்கு மாறும் இடத்தில்தான் தொல்லை. நிறுவனம் வேறு, நிரல் வேறு, வழுக்கியது மட்டும் ஒரே படியில். ஆனால் அவர்கள் அதை ரீகால் என்று சொல்லவில்லை, வாடிக்கையாளர் சேவைத் திட்டம் என்றார்கள்.

மறுபடியும் பிரேக், ஆனால் வேறு பிரேக்

நிரலை ஏற்றியதோடு புகார்கள் நின்றுவிடவில்லை. ரீகால் வேலையை முடித்த பிறகும் குழியில் நழுவுகிறது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதில் ஒரு பகுதியைப் புரிந்துகொள்ள முடிகிறது: மோட்டார் விலகி ஆயில் பிரேக் வரும் மாற்றம் எந்த நிரலிலும் முழுதாகக் காணாமல் போகாது, ஒருமுறை பயந்தவருக்கு அடுத்த முறை சின்ன அசைவும் பெரிதாகத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் பயத்தின் மேல் போட முடியாது. ஏனென்றால் இதற்கிடையில் அதே கார்களில் முற்றிலும் வேறான பிரேக் கோளாறுகள் வரத் தொடங்கின.

2013 ஜூனில் டொயோட்டா மீண்டும் ஒரு ரீகால் அறிவித்தது. 2009 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரான பிரியஸ், எச்எஸ்250எச் கார்கள், உலக அளவில் சுமார் 2 லட்சத்து 42 ஆயிரம். அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலம் என்று மேலே சொன்னேனே, அதன் உள்ளே ஒரு பக்கம் பிரேக் ஆயில், மறுபக்கம் நைட்ரஜன் வாயு. நடுவில் உள்ள தகட்டில் நாளடைவில் விரிசல் விழுந்து நைட்ரஜன் ஆயிலுக்குள் கசியலாம். ஆயிலில் வாயு கலந்தால் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், பிரேக் விசை குறையும். இது நிரல் அல்ல, பாகம். அதைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

அதற்கும் பிறகு, காருக்கு வயதாக ஆக, பிரேக் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரிலும் பம்பிலும் உள்கசிவு. இதைக் காதால் கண்டுபிடிக்கலாம். இந்தக் கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததுமே பிரேக் பம்பு சில விநாடிகள் முனகிவிட்டு நிற்கும். இன்னும் காரைக் கிளப்பவே இல்லை, ஆனால் அழுத்தம் தயாராகிறது. அது ஆரோக்கியமான சத்தம். அழுத்தம் உள்ளேயே கசிந்துகொண்டிருந்தால் அந்த முனகல் நிற்காது. பெடலைத் தொடாமலே சில விநாடிகளுக்கு ஒருமுறை பம்பு ஓடும், நிற்கும், ஓடும். சிலர் அதைப் புறா கூவுவதுபோல என்பார்கள். அதை அப்படியே விட்டால் ஒருநாள் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, பஸ்ஸர் அலறி, சி1391 என்ற எண் பதிவாகும். சேமித்த அழுத்தம் அளவுக்கு மீறிக் கசிகிறது என்று அதற்கு அர்த்தம். 2010 முதல் 2015 வரையிலான மாடல்களுக்கு டொயோட்டா பின்னாளில் அமெரிக்காவில் இதற்கான வாரண்டியை நீட்டித்தது; ஆனால் சி1252, சி1253, சி1256, சி1391 ஆகிய நான்கு எண்களில் ஒன்று பதிவாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

நிபந்தனையைக் கவனியுங்கள். 2009-இல் எந்த எண்ணும் பதிவாகாததால் புகார் நம்பப்படவில்லை. பின்னாளில் எண் பதிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பம்பு முனகுகிறது என்று காதால் கேட்டுவிட்டு வந்தவரை, விளக்கு எரிந்ததும் வாருங்கள் என்று அனுப்ப இந்த ஏற்பாடு இடம் கொடுத்தது. பிரேக் விஷயத்தில் இதை என்னால் சுலபமாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, பழைய பிரியஸ் வைத்திருப்பவர் எதைப் பார்க்க வேண்டும்? மேடுபள்ளத்தில் மட்டும், ஒரு கணம் மட்டும், விளக்கும் சத்தமும் இல்லாமல் நழுவினால் அது 2010 ரகம்; அந்த நிரல் ஏற்றப்பட்டதா என்று வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடலாம். பெடல் ஆழமாக இறங்கி அப்படியே இருந்தால் வாயுக் கசிவைச் சந்தேகிக்கலாம். பம்பு அடிக்கடி ஓடினால் பூஸ்டர். நிற்கும்போது பெடல் காலை உதறினால் இவற்றில் எதுவும் இல்லை, டிஸ்க் சமமாக இல்லை என்று பொருள். காலையில் முதல் பிரேக்கில் கரகரவென்றால், ஹைபிரிட்டில் பேட் அதிகம் வேலை செய்யாததால் டிஸ்க்கில் படிந்த துரு. நாலு தடவை மிதித்தால் போய்விடும்.

புகார் எழுதும்போது வேகம், சாலை எப்படி இருந்தது, எவ்வளவு அழுத்தமாக மிதித்தீர்கள், எவ்வளவு நேரம் நழுவியது, மேலும் அழுத்தியதும் பிடித்ததா, விளக்கு எரிந்ததா, பம்பு சத்தம் கேட்டதா என்று எழுதுங்கள். மிகவும் பயந்துவிட்டேன் என்பது உண்மைதான், ஆனால் இன்ஜினியருக்கு அதிலிருந்து எடுக்க ஒன்றும் இல்லை. அப்புறம் முடிந்தால் மெக்கானிக்கை உங்கள் காரில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வழக்கமாக நழுவும் அதே குழிக்கு நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள். பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, லேசாக மிதித்தபடி.